பழைய டர்போ கார்: கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? நம் குமரி மாவட்ட ரோட்டுக்கு எது சரி?

மார்த்தாண்டத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, செகண்ட் ஹேண்டுல ஒரு டர்போ வண்டி பாத்து வச்சிருக்கேன். கியர் வண்டி எடுக்கட்டுமா, ஆட்டோமேட்டிக் எடுக்கட்டுமா?" நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஏற்றம் உண்டா? வண்டியை இத்தனை நாள் ஓட்டியவர் எப்படி ஓட்டினார்? இவை தெரியாமல் யார் யோசனை சொன்னாலும் காது கொடுக்காதீர்கள்.

புது வண்டி என்றால் இது பட்ஜெட்டும் விருப்பமும் சார்ந்த விஷயம். பழைய வண்டியில் கணக்கே வேறு. கியர் வண்டி வாங்கினால் முந்தைய ஓனரின் இடது காலைச் சேர்த்து வாங்குகிறீர்கள். ஆட்டோமேட்டிக் வாங்கினால் அவருடைய சர்வீஸ் பில்லைச் சேர்த்து வாங்குகிறீர்கள். டர்போ இன்ஜினில், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி உள்ள இன்ஜினில், இந்த இரண்டுமே சாதா இன்ஜினைவிடச் சீக்கிரம் தங்கள் வேலையைக் காட்டும்.

காரணம் இதுதான். ஹூண்டாய் வென்யூவில் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜின் தரும் இழுவிசை 114 நியூட்டன் மீட்டர் அளவில். அதே வண்டியின் 1.0 லிட்டர் டர்போ தருவது 172. அதுவும் 1500 ஆர்.பி.எம்-மிலேயே (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) முழுதாக வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஓட்டவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த 172-ஐயும் சக்கரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது கிளட்ச் பிளேட். தேய்ந்த பிளேட் சாதா இன்ஜினில் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிடும். டர்போவில் அந்த ஒரு உதைக்கு வழுக்கிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1500-க்குக் கீழே டர்போ தூங்குகிறது. சைலன்சர் பக்கம் போகும் புகையின் வேகத்தில்தான் அது சுற்ற வேண்டும். புகை போதாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் மட்டுமே. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இது நன்றாகத் தெரியும். வீடு எங்கே என்று முதலில் கேட்பது இதனால்தான்.

மேற்கா, கிழக்கா, கடற்கரையா

நம் மாவட்டம் சின்னது, ரோடு ஒரே மாதிரி கிடையாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் வயலும் தென்னையுமாகச் சமதளம். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் கியர்பாக்ஸுக்கு வேலையே இல்லை. அங்கே எந்த கியர்பாக்ஸும் நல்லபடியாகத்தான் இருக்கும்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் வாருங்கள். அருமனை, குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை எல்லாம் ரப்பர் தோட்டமும் மேடு பள்ளமும்தான். மெயின் ரோட்டில் இருந்து வீட்டுக்கு ஏறும் கான்கிரீட் பாதை செங்குத்தாக இருக்கும், அகலம் ஒரு வண்டிக்குத்தான் இருக்கும், மேலே போய் வளைவில் கேட் இருக்கும். மழைக்காலத்தில் அதன்மேல் பாசி பிடித்திருக்கும். இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பதால் அந்தப் பாசி காய நேரமே இல்லை. எதிரே பைக் வந்தால் நட்ட நடு ஏற்றத்தில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். சிறு டர்போ கியர் வண்டியில் அப்போது என்ன நடக்கிறது? டர்போ எழும்ப வேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்து, ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து ஆர்.பி.எம்-மை ஏற்ற வேண்டும். தினமும் இரண்டு வேளை இப்படி ஏறினால் பிளேட் எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். மேற்குப் பக்கத்துப் பழைய கியர் வண்டியையும் கிழக்குப் பக்கத்துப் பழைய கியர் வண்டியையும் ஒரே கிலோமீட்டர் என்பதற்காக ஒரே விலைக்கு வாங்காதீர்கள்.

நெரிசல் இன்னொரு கணக்கு. நாகர்கோவிலில் இருந்து பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று போகும் ரோட்டில் ஊர் முடிந்து ரோடு தொடங்குகிறது என்று சொல்ல ஓர் இடம் இல்லை. திருவனந்தபுரத்துக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு மேல் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் சேரும். முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல் என்றே காலை கழியும்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்து வண்டியில் உப்புக்காற்று. பல டர்போ வண்டிகளில் முன்பக்கம் ரேடியேட்டரோடு சேர்த்து இன்டர்கூலரும் இருக்கும். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆற்றுவது அதுதான். அதன் அலுமினியத் தகடுகள் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

"ஆட்டோமேட்டிக்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது

விற்கிறவர் "ஆட்டோமேட்டிக் மேடம்" என்று மட்டும் சொல்வார். எந்த வகை என்று கேளுங்கள். நான்கு வகைகள் நான்கு விதமாகச் செலவு வைக்கும்.

டார்க் கன்வெர்ட்டர்: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. கிளம்பும் நேரத்தில் தேய்வதற்கு பிளேட் இல்லை. அதோடு, நின்ற இடத்தில் இருந்து நகரும்போது இழுவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கித் தரும். டர்போ எழும்பாத அந்த ஓரிரு நொடி ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஏற்றத்துக்கென்றே செய்தது போல இருக்கும். மாருதி ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ, டைகுன், குஷாக், விர்டஸ், ஸ்லாவியா வண்டிகளின் 1.0 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்), 2020-க்குப் பிறகு வந்த போலோ 1.0 டி.எஸ்.ஐ., மஹிந்திரா 3எக்ஸ்ஓ, தார் பெட்ரோல் எல்லாவற்றிலும் 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் கிடைக்கும்.

டபுள் கிளட்ச், அதாவது டி.சி.டி. அல்லது டி.எஸ்.ஜி.: உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கும் ரிவர்ஸுக்கும். கியர் மாறுவதே தெரியாது, டர்போ காற்றழுத்தம் நடுவில் விழாது. நான்குவழிச் சாலையில் இதைவிடச் சுகமான கியர்பாக்ஸ் கிடையாது. ஆனால் வென்யூ, சோனெட், ஐ20, செல்டோஸ் 1.4 டர்போ, முந்தைய போலோ ஜி.டி. 1.2 டி.எஸ்.ஐ., டைகுன் வகையறாவின் 1.5 டி.எஸ்.ஐ. இவற்றில் இருப்பது டிரை கிளட்ச். ஆயிலில் முங்கி இருக்காது; காற்றில்தான் சூடு ஆற வேண்டும். நெரிசலில் ஊர்ந்தாலும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடித்தாலும் சூடு ஏறும். டாடா நெக்ஸானில் 2023-ல் வந்த 7 ஸ்பீட் டி.சி.ஏ. (டாடா தன் டபுள் கிளட்ச்சுக்கு வைத்த பெயர்) வெட் கிளட்ச் வகை; ஆயில் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

சி.வி.டி.: ரெனோ கைகர், நிசான் மேக்னைட் 1.0 டர்போக்களில் உண்டு. பெல்ட்டும் கப்பியும்தான், கியரே கிடையாது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கியர் வண்டியில் 160 நியூட்டன் மீட்டர் தரும் அதே இன்ஜின் சி.வி.டி.-யோடு வரும்போது 152 மட்டுமே தரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நகரத்துக்குள் மெத்தென்று போகும். அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலைத் தவிர வேறு எதுவும் ஊற்றக் கூடாது.

ஏ.எம்.டி.: பழைய நெக்ஸான் 1.2 டர்போ, எக்ஸ்யூவி300 ஆகியவற்றில் உண்டு. இது கியர் வண்டியேதான். கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: கியர் லீவர் பக்கத்தில் பார்க்கிங்குக்கான 'பி' என்ற எழுத்து இருக்காது. அதனால் சரிவில் நிறுத்தும்போது கியரில் விட்டு இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும். குலசேகரம் பக்கத்து வீட்டுப் பாதையில் இதை மறப்பது ஆபத்து.

வென்யூ, சோனெட், ஐ20 டர்போக்களில் ஐ.எம்.டி. என்று ஒன்றும் இருக்கிறது. கிளட்ச் பெடல் இல்லை, கியர் மட்டும் நீங்கள் போட வேண்டும். "ரெண்டு பெடல்தானே இருக்கு, ஆட்டோமேட்டிக்தான்" என்று சொல்லி இதை விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. லீவரைப் பாருங்கள்.

கியர் வண்டியைப் பார்க்கும் விதம்

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்து கீழே பாருங்கள். நாள் முழுக்க அடுத்தவர் கால்களைப் பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கிளட்ச் பெடலுக்கு இடதுபுறம் கால் வைக்க ஒரு சின்னத் திட்டு இருக்கும், டெட் பெடல் என்போம். ஓட்டத் தெரிந்தவரின் இடது கால் கியர் மாற்றாத நேரமெல்லாம் அங்கேதான் இருக்கும். அது அழுக்காக, கீறலோடு, தேய்ந்து இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது ஷோரூமில் இருந்து வந்த மாதிரி புதுசாக இருந்து, கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் வழவழவென்று கோடுகள் அழிந்து பளபளத்தால், அந்த ஓனர் ஓட்டிய தூரம் முழுக்கக் காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருந்தார் என்று அர்த்தம். எடை மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்சம் அழுத்தமே கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சுற்ற வைத்து, பிளேட்டின் பிடியைத் தளர்த்தும்.

அடுத்து, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை விற்பவரையே ஓட்டச் சொல்லுங்கள். "அண்ணே, நீங்களே கொஞ்சம் ஓட்டுங்க, நான் சத்தம் கேக்கணும்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய இடது காலை. சிக்னலில் கியரில் போட்டு கிளட்ச்சை மிதித்தபடி நிற்கிறாரா, நியூட்ரலுக்கு வருகிறாரா? ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் இழுக்கிறாரா, ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தொங்க விடுகிறாரா? கிளட்ச்சை மிதித்தே நிற்கிற, ஹாஃப் கிளட்ச்சில் தொங்க விடுகிற ரகம் என்றால் மீட்டரில் என்ன எண் இருந்தாலும் கிளட்ச் பாதி போயிருக்கும்.

பிறகு நீங்கள் உட்காருங்கள். கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். பெடல் கடைசி வரை மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் சந்தேகம் கொள்ளலாம். ரிவர்ஸில் ஒரு சின்ன ஏற்றத்தில் ஏற்றுங்கள். உதறல் இருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. டர்போ வண்டிக்கு இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். நாகர்கோவிலைத் தாண்டி நான்குவழிச் சாலைக்கு வாருங்கள். பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில், 1500-க்கும் 2000-க்கும் இடையில் ஆர்.பி.எம். இருக்கும்படி நிதானமாகப் போங்கள். அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். டர்போ எழும்பி முழு இழுவிசையும் வரும் இடம் அது. நல்ல கிளட்ச் என்றால் ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் கை கோத்த மாதிரி சேர்ந்து ஏறும். தேய்ந்த கிளட்ச் என்றால் ஆர்.பி.எம். முள் மட்டும் ஒரே துள்ளலில் 3000-க்கு ஓடும், இன்ஜின் இரையும், வண்டி அங்கேயே இருக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் இது ஒருநாளும் தெரியாது. விற்பவர் "இந்தத் தெருவுலயே ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று சொல்வதற்கு உடன்படாதீர்கள்.

சிலர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பார்கள். அது அடுத்தவர் வண்டியின் பிளேட்டைத் தேய்ப்பது. வேண்டாம்.

இன்னொரு சத்தம்: பல டர்போ டீசல்களிலும் சில டர்போ பெட்ரோல்களிலும் டூயல் மாஸ் ஃபிளைவீல் (இன்ஜின் அதிர்வை அடக்க இரண்டு துண்டாகச் செய்த சுழல் சக்கரம்) இருக்கும். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கடகடவென்று ஒலித்து, கிளட்ச்சை மிதித்ததும் அந்த ஒலி மாறினாலோ, இன்ஜினை அணைக்கும்போது 'டக்' என்று உலோகம் மோதும் ஒலி வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிளேட் மாற்றும் செலவைவிட ஃபிளைவீல் செலவு பெரியது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, வெளிநாட்டில் நர்ஸாக இருந்து திரும்பி வந்தவள், அருமனையில் அப்பா அம்மாவுக்காக ஒரு சிறு டர்போ எஸ்.யூ.வி. பார்த்தாள். கியர் வண்டி, உடம்பில் ஒரு கீறல் இல்லை. விற்பவர் ஓட்டும்போது அவருடைய இடது கால் கிளட்ச்சை விட்டு ஒரு தடவையும் இறங்கவில்லை. சோதனையில் முள் துள்ளியது. மற்றபடி இன்ஜின் சுத்தம், ஆயில் பில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. "வேண்டாம்னு சொல்லவா அக்கா?" என்றாள். "எதுக்கு? கிளட்ச் செட் விலையை விசாரி, அதைக் கழிச்சுக் கேளு" என்றேன். கழித்துக் கொடுத்தார்கள். வாங்கின வாரமே புது கிளட்ச் போட்டாள். கியர் வண்டியின் பெரிய பலம் இதுதான்: என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும், அதற்கு ஒரு விலை போட முடியும், அந்த விலை பெரும்பாலும் ஐந்து இலக்கத்துக்குள் முடியும், தக்கலையிலோ நாகர்கோவிலிலோ அதைச் செய்யக் கை இருக்கிறது. டபுள் கிளட்ச் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி போனால் லட்சத்தைத் தாண்டும். சமயத்தில் வண்டி வேறு ஊருக்கும் போக வேண்டி வரும்.

ஆட்டோமேட்டிக்கைப் பார்க்கும் விதம்

வண்டி ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துக் காத்திருங்கள், அல்லது மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். கியர்பாக்ஸின் பல குறைகள் ஆயில் சூடாவதற்கு முன்தான் வெளிப்படும். சில குறைகளோ நன்றாகச் சூடான பிறகுதான் தெரியும். அதனால் அவசரப்படாமல் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி பி-யில் இருந்து ஆர் (ரிவர்ஸ்), பிறகு டி (டிரைவ்) போடுங்கள். போட்டதும் கியர் விழ வேண்டும். ஒரு இடைவெளி விட்டு, பின்னால் யாரோ தள்ளியது போல உதறி விழுந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வடசேரி, மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம் என்று ஊர்ந்து போய் வாருங்கள். டபுள் கிளட்ச் வண்டியில் இந்த ஊர்தல்தான் பரீட்சை. முதல் கியரில் இருந்து இரண்டுக்கு மாறும்போது நடுக்கம் வந்தால், பிரேக்கை விட்டதும் தயங்கித் தயங்கி நகர்ந்தால், கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் சூடு பற்றிய எச்சரிக்கை திரையில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, எவ்வளவு பின்னால் போகிறது, எவ்வளவு மென்மையாகக் கிளம்புகிறது என்று பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போய் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பழைய பிழைக் குறிகள் கிடக்கின்றனவா என்று படிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை மட்டும் படித்துவிட்டு ஓகே சொல்வது போதாது.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் கேட்க வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில். "அது லைஃப் டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்" என்பார்கள். ஏற்றமும் நெரிசலும் சேர்ந்த நம் மேற்கு ரோட்டில் 60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. மாற்றியதற்குப் பில் இருந்தால் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வண்டி நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். நீட்டிப்பு வாரண்டி மிச்சம் இருக்கிறதா, அது உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் அங்கேயே விசாரியுங்கள். டிரை கிளட்ச் வண்டிக்கு வாரண்டி மிச்சம் இருப்பதும் இல்லாததும் இரண்டு வேறு வண்டி போல.

கியர்பாக்ஸ் இன்ஜினைக் கெடுக்கும், காப்பாற்றவும் செய்யும்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு ஆதங்கம். மைலேஜ் கிடைக்கும் என்று நாற்பதிலேயே ஐந்தாவது கியரைப் போட்டு, இன்ஜின் திணறத் திணற மிதித்து ஓட்டுகிறவர்கள் இங்கே அதிகம். சாதா இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு டர்போ இன்ஜின் அப்படிப் பொறுக்காது. ஆர்.பி.எம். குறைவு, டர்போ அழுத்தம் அதிகம் என்ற நிலையில், தீப்பொறி விழுவதற்கு முன்னமே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். எல்.எஸ்.பி.ஐ. என்று இதற்குப் பெயர். பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அடி விழும். இதைத் தடுக்கவென்றே 2018-ல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020-ல் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஆயில் தரங்கள் வந்தன. பழைய டர்போ பெட்ரோல் வண்டியின் பில்லில் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று படியுங்கள்.

ஒழுங்கான ஆட்டோமேட்டிக்கில் நீங்கள் மிதித்ததும் அது தானாக கியரை இறக்கிவிடும். இன்ஜினைத் திணற விடாது. கியர் வண்டியில் அது ஓனரின் கையில்தான் இருந்தது. அதனால்தான் "கியர் வண்டின்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. விற்பவர் ஓட்டும்போது எந்த வேகத்தில் எந்த கியரில் போகிறார் என்பதையும் பாருங்கள்.

டர்போவைச் சோதிப்பது எளிது. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் நீலப் புகை வரக் கூடாது. வேகம் பிடிக்கும்போது மெல்லிய விசில் இயல்பு. சைரன் மாதிரி ஊளை வந்தால் கோளாறு. இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசான ஆயில் படலம் இருக்கலாம், தேங்கி நிற்கக் கூடாது.

டீசலும் டர்போதான், மறக்க வேண்டாம். பழைய ஸ்விஃப்ட், டிசையர், பிரெஸ்ஸா 1.3 டீசல் 2000 ஆர்.பி.எம்-முக்குக் கீழே சோர்ந்து கிடக்கும். ஏற்றத்துக்கு முதல் கியரை விட்டு வரக் கூடாது. கிரெட்டா, சோனெட் 1.5 டீசலில் வரும் 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் நம் மேற்குப் பகுதிக்கு நான் மனதாரச் சொல்லும் வண்டி.

யாருக்கு எது

வீடு ஏற்றத்தில், வயதான அப்பாவோ புதிதாகப் படித்த பிள்ளையோ ஓட்டப் போகிறார்கள் என்றால் டார்க் கன்வெர்ட்டர் தேடுங்கள். கிடைக்கும் வரை காத்திருங்கள். பட்ஜெட்டில் அகப்படவில்லையா, நல்ல கியர் வண்டிக்குப் போங்கள். வரலாறு தெரியாத, வாரண்டி முடிந்த டிரை கிளட்ச் வண்டியை ஏற்றத்து வீட்டுக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

நாகர்கோவில், திருநெல்வேலி என்று நான்குவழிச் சாலையில் ஓடுபவர் டபுள் கிளட்ச்சை தைரியமாக எடுக்கலாம், பில் எல்லாம் இருந்தால். தினமும் களியக்காவிளை தாண்டுபவருக்கு டார்க் கன்வெர்ட்டர் அல்லது சி.வி.டி. இடது முழங்காலில் வலி உள்ளவர்கள் வேறு யோசனையே வேண்டாம், ஆட்டோமேட்டிக்தான். வலியோடு மிதிக்கும் கிளட்ச் பாதியில் நிற்கும், பாதியில் நின்றால் பிளேட் எரியும்.

நெருக்கமான மெக்கானிக் இருக்கிறார், பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறேன், ஓட்டவும் பிடிக்கும் என்பவர் கியர் வண்டி எடுங்கள். டர்போவும் கியரும் சரியாக அமைந்தால் பேச்சிப்பாறை ரோட்டில் ஓட்டுவது தனி சந்தோஷம்.

வண்டி எங்கிருந்து வருகிறது

"வெளிநாட்டுக்காரர் வண்டி, லீவுக்கு வந்தா மட்டும்தான் எடுப்பார்" என்பது நம் ஊரில் பெரிய சிபாரிசு. கிலோமீட்டர் குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஈரக்காற்றில் நின்ற கியர் வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்து முதல் கியர் போடும்போது கரகரவென்று முரண்டினால் அதுதான். ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வயதாகும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லை என்று இரண்டு மூன்று வருடம் ஒரே ஆயிலில் நின்ற டர்போவை நான் நம்ப மாட்டேன். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

2018 ஆகஸ்டில் கேரளம், 2021 நவம்பரில் நம் மாவட்டம், 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் நின்றன. அந்த வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை மறையாது. கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற ஆட்டோமேட்டிக்கை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கே.எல். நம்பர் வண்டி எல்லைக்கு அப்பால் மலிவாகத் தெரியும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். 74 அல்லது டி.என். 75 எண்ணுக்கு மாற்றும் செலவைக் கூட்டிவிட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும். என்.ஓ.சி.-க்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் 35. கடன் முடிந்த கடிதமும் என்.ஓ.சி.-யும் கண்ணால் பார்க்கும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்தால், கிளட்ச்சுக்கோ கியர்பாக்ஸ் ஆயிலுக்கோ கழித்துப் பேசிய தொகையையும் அதே ரசீதில் எழுதி வாங்குங்கள்.